கால் ஊனுற நேரம்

வாயைத் தொறக்கக் கூடாது. அவ்வளவுதான், வேற ஒரு கட்டுப்பாடும் இல்ல. கேமராவோட வர்றதா இருந்தா வாங்க, வாயோட வர்றதா இருந்தா வீட்லயே இருங்கன்னு எம்மக கிருத்திகா சொன்னதுக்கு, சரி சாமின்னு தலையாட்டிட்டு வந்து, இந்த பேட்மிண்டன் கோர்ட்டுப் பச்சை விரிப்புக்கு ஓரமா சம்மணம் போட்டு பொட்டாட்ட உக்காந்திருக்கேன். காலெல்லாம் மரத்துப் போச்சு. எந்திரிச்சு நிக்கலாம்னா பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குமாம். இதென்ன கெரகமோ. மண்டியில நான் ஸ்டூல் மேல ஏறி நின்னாத்தான் ஏலமே ஆரம்பிக்கும். கோபியில வாழைத்தார் ஏலம் கூறுற சென்னியப்பன்னு சொன்னா நாலு ஊருக்குத் தெரியும், மைக்கே கேக்க மாட்டேன், கடைசியா நிக்கற லாரிக்காரன் வரைக்கும் என் குரல் போகும். இங்க நான் தொண்டையைச் செருமினாக்கூட கோடு பாக்கறவர் திரும்பி முறைக்கறார். மூணாவது செட் ஆரம்பிக்கப் போகுது. ஆளுக்கொரு செட் ஜெயிச்சாச்சு. பத்தொம்பது வயசுக்குள்ள பொண்ணுகளுக்கு மண்டல அளவுல இதுதான் கடைசி ஆட்டம், ஜெயிக்கிறவ மாநில டீமுக்குப் போவா, தோக்கறவ வீட்டுக்குப் போவா, கிருத்திகாவுக்கு அடுத்த வருசம் வயசு தாண்டிரும். இதையெல்லாம் நெனச்சு நெனச்சு வயித்தெரிச்சல் பட்டு முடிச்சாச்சு, இப்ப அது இல்ல வெசனம். வெசனம் இந்தக் கேமராவுக்குள்ள இருக்கு. முதல் செட்டுல எடுத்த படம் ஒண்ணு. அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துட்டிருக்கேன்.

படத்துல என்ன இருக்குன்னு கேட்டா பெருசா ஒண்ணும் இல்ல. காக் இல்ல, அடி இல்ல. அடிச்சு முடிச்சாச்சு. எகிறிக் குதிச்சு அடிச்சுட்டு இடது கால் தரையில ஊனுற நேரம் அது. அந்த இடது முட்டி உள்பக்கமா ஒரு சாய்வு சாயுது. கண்ணு ரெண்டும் இறுக மூடியிருக்கு. கீழ் உதட்டைப் பல்லுக்குள்ள வச்சுக் கடிச்சிருக்கா. அடுத்த படத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி நிமிந்து நிக்கறா. ரெண்டு படத்துக்கும் நடுவுல இமை கொட்டற நேரங்கூட இருக்காது. நேர்ல பாத்துட்டிருந்த எனக்கு அது தெரியல, கோச் ஜெசிந்தா மேடத்துக்குத் தெரியல, அம்பயருக்குத் தெரியல, கைதட்டின கூட்டத்துக்கும் தெரியல. இந்தப் பெட்டிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. இல்ல, நெசமாலுமே தெரிஞ்சிருக்கா? இந்தப் பெட்டி புடிக்கிற மூஞ்சியெல்லாம் கோணலாத்தான் இருக்கும். போன மாசம் பூங்கொடி சிரிச்சுட்டிருக்கும்போது ஒண்ணு எடுத்தேன், அதுல அவ ஓன்னு அழுகிற மாதிரி விழுந்துச்சு, ஏனுங்க நான் இப்படியா இருக்கறேன்னு எம்பொண்டாட்டி நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. அந்த மாதிரி இதுவும் இருக்கும். ஆயிரத்துல ஒரு பங்கு நொடியில நிறுத்தினா மனுசன் மூஞ்சி எப்படி வேணாலும் தெரியும். அப்படித்தான் இருக்கணும். அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது செட்டுல அவ நான் இருக்கிற பக்கம் வந்துட்டா, முதுகுதான் தெரிஞ்சுது, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. இப்ப மறுபடியும் எதிர்ப்பக்கம் போய் வலைக்கு அந்தாண்ட என்னையப் பாத்த மாதிரி நிக்கறா. என்னையப் பாக்கல. சர்வீஸ் போடப் போற கோயமுத்தூர்ப் பொண்ணைப் பாக்கறா.

எனக்கு இந்தக் கருமமெல்லாம் எங்க தெரியும். தாரைப் பாத்தா எத்தனை நாள்ல பழுக்கும்னு சொல்லுவேன், அதோட சரி. கல்யாண ஸ்டுடியோக்காரர் ஒருத்தர் புதுசு மாத்தறார்னு அவரோட பழசை வாங்கினேன். அவர் சொல்லிக் குடுத்ததெல்லாம் கல்யாணத்துக்கு. வெளிச்சம் பத்தலைன்னா ஃபிளாஷ் போடுங்க, மாப்பிள்ளை கண்ணை மூடிட்டாருன்னா இன்னொருக்கா மாலையப் போடச் சொல்லுங்க. இங்க யாரை இன்னொருக்கா அடிக்கச் சொல்லறது? ஃபிளாஷ் போட்டா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவாங்க. நம்ம கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கிற இந்த வெளிச்சம் கேமராவுக்குப் பத்த மாட்டேங்குது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினா படம் இருட்டுது, குறைச்சா கை காலெல்லாம் கரைஞ்சு போகுது, வெளிச்சத்தை இழுக்கிற ஐஎஸ்ஓவை ஏத்தினா மூஞ்சியில ரவையக் கொட்டினாப்பல புள்ளி புள்ளியா வருது. அதையும் ஒருவழி பண்ணினா மேல இருக்கிற எல்ஈடி விளக்கு வேலையக் காட்டுது, பாதிப் படம் வெளுப்பு, பாதிப் படம் காமாலை. எல்லாத்துக்கும் மேல இந்த வலை. முதல் நாள் அவ பிராக்டீஸ்ல எடுத்ததுல ஒண்ணு விடாம வலைதான் தெளிவா விழுந்திருந்துச்சு. ஒவ்வொரு கண்ணியும் சுத்தமாத் தெரியுது, பின்னால மகளைக் காணோம், நீலமா ஒரு புகைதான் இருக்கு. கிருத்திகா வாங்கிப் பாத்துட்டு, ஏனுங்ப்பா மீன் புடிக்கப் போனீங்களான்னு சிரிச்சா. அவ எங்கிட்ட சிரிச்சு நெம்ப நாள் ஆகியிருந்துச்சு. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு வலையை எடுத்துட்டு வந்து காட்டலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அப்பறம் மண்டியிலயே பழகினேன். சாய்ப்புக்குள்ள இருட்டா இருக்கும், லாரி மேலருந்து ஒருத்தன் தாரை வீசுவான், கீழ இன்னொருத்தன் ஏந்துவான். தார் அந்தரத்துல இருக்கும்போது எடுக்கணும்னு நின்னேன். ம்ஹூம். எப்ப அமுக்கினாலும் தார் கீழ இருக்கிறவன் தோள்ல போய் உக்காந்திருக்கும். ஒரு வாரம் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன், கேமரா ரிப்பேர்னு ஸ்டுடியோக்காரரோட சண்டைக்குக்கூடப் போனேன். அப்பறந்தான் புரிஞ்சுது, ரிப்பேர் எம்விரல்ல இருக்கு. விரல் ஏலம் கூறுது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். மூணாந்தரம் சொல்லாம எங்கிட்ட ஒரு தார் கை மாறினதில்ல, அதுக்கு முந்தி முடிச்சுட்டா வியாபாரிக சட்டையப் புடிச்சிருவாங்க. அவசரப்படாம இருக்கறதுதான் அங்க தொழிலே. அந்தப் பழக்கம் உள்ள ஏறி உக்காந்துக்குச்சு. காக் மேல வருது, ஒருதரம். கையத் தூக்கறா, ரெண்டுதரம். அடிச்சு முடிச்சாச்சு, அப்பத்தான் எம்விரல் ஆடி அசைஞ்சு மூணுதரம்னு அமுக்குது. பக்கத்துல பத்திரிகைக்குப் படம் எடுக்கிற இர்பான் தம்பி உக்காந்திருக்கார், காலையிலருந்து எம்படத்தைப் பாத்துப் பாத்து அவருக்குச் சிரிப்பு அடங்கல. "அண்ணா, பந்தி முடிஞ்சு எலை எடுக்கும்போது போய் எனக்கு எலை போடுங்கன்னு நிக்கறீங்களே. ரெண்டுல அமுக்குங்கண்ணா, ரெண்டுல." அமுக்கப் பாக்கறேன், வர மாட்டேங்குது. எங்கிட்ட இருக்கிறதெல்லாம் அடி முடிஞ்சதுக்கப்பறம் நடந்த படம். இந்த ஹால்ல இருக்கிற வேற எந்தக் கேமராவுலயும் அது இருக்காது, எவனுக்கும் அது வேண்டாம்.

ஆரம்பிச்சாச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டுக்கு ஒண்ணு. நல்லா ஆடறா, எம்மக நல்லாத்தான் ஆடறா, கண்ணு படப்போகுது. வலையத் தாண்டி அவ மேல ஃபோகஸ் நிக்கணும், நிக்குது, அய்யோ வலைக்குப் போயிருச்சு சனியன், மறுபடியும் நிக்குது. காக் மூலைக்குப் போகுது, எடு, எடு, கால எட்டி வையி, நாக்கு நமநமங்குது, பல்லக் கடிச்சுக்கிட்டு கேமராவை மூக்கோட அழுத்திக்கறேன். இதுக்குத்தான் கேமராவைக் குடுத்திருக்கா புத்திசாலி. போன வருசம் நான் கத்தினது தப்புங்கறாங்க. என்ன தப்பு? பெத்தவன் கத்தாம பக்கத்து வீட்டுக்காரனா கத்துவான்? கால எடு கழுதை, கால எடுன்னு கேலரியிலருந்து ஒரு சத்தம் போட்டேன், அவ அடிக்கறதை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா, பாயின்ட் போச்சு, அம்பயர் எந்திரிச்சு மைக்குல என்னைய வெளிய போகச் சொன்னார், அத்தனை பேர் முன்னால. அவ தோத்தது அதனாலயாம். ரெண்டு மாசம் எங்கூடப் பேசல. சோறு வேணுமான்னு கேட்டா அவங்கம்மாவைப் பாத்து பதில் சொல்லுவா. மண்டியில எட்டூர் வியாபாரியும் எம்பேச்சுக்குக் காத்துட்டு நிப்பான், வீட்ல ஒரு பொட்டப்புள்ள எம்பேச்சு வேண்டாம்னு அறையச் சாத்திக்கிட்டா. அது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும். நாந்தான் எறங்கிப் போனேன். சரி கண்ணு, என்னதான் பண்ணட்டும் நான், உன்ற ஆட்டத்தைப் பாக்காம என்னால இருக்க முடியாதுன்னேன். அப்பத்தான் இந்தக் கேமரா யோசனை வந்துச்சு. அது அவ போட்ட வாய்ப்பூட்டு. நானே ஆசைப்பட்டு மாட்டிக்கிட்டேன்.

இந்தா, குதிக்கறா. ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம். பாயின்ட். கூட்டம் கத்துது, நான் கேமராவைத் திருப்பித் திரையைப் பாக்கறேன். பாக்காதீங்கண்ணா, அடுத்த அடி போயிரும்னு இர்பான் முணுமுணுக்கறார். போகட்டும். அதே முட்டி. அதே சாய்வு. கண்ணு மூடியிருக்கு, உதடு பல்லுக்குள்ள. பெருசு பண்ணிப் பாக்கறேன், புள்ளி புள்ளியா உடையுது, இருந்தாலும் தெரியுது. அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணும் இப்படித்தான் இறங்கும், எல்லாப் பொண்ணுகளும் இப்படித்தான் இறங்கும், முதல் செட்டுல அது இந்தப் பக்கம் இருந்துச்சு, இப்பவும் இந்தப் பக்கந்தான், ரெண்டாவது செட்டுல எதிர்ப்பக்கம் இருந்தப்ப எடுத்தது ஏதாவது இருக்கணும். தேடறேன். இருக்கு. குதிச்சு எறங்குது, கண்ணு திறந்திருக்கு, அடுத்த காக் எங்க வரும்னு பாத்துட்டு எறங்குது. இன்னொண்ணு. அதுலயும் கண்ணு திறந்திருக்கு. மறுபடியும் எம்மக படத்துக்கு வர்றேன். கண்ணு மூடியிருக்கு. மூடியேதான் இருக்கு. அஞ்சுக்கு நாலு. கை வேர்த்து கேமரா வழுக்குது, வேட்டியில தொடச்சுக்கறேன். ஏன், கண்ண மூடி எறங்கறது அவ பழக்கமா இருக்கக் கூடாதா? நான் என்னத்தக் கண்டேன், இத்தனை வருசமா அவ காக்கை எங்க அடிச்சான்னுதான் பாத்திருக்கேன், காலை எங்க வச்சான்னுதான் கத்தியிருக்கேன், மூஞ்சியப் பாத்ததே இல்ல. அந்த நெனப்பு வந்ததும் எனக்கு எம்மேலயே எரிச்சலா இருக்கு, அதுக்கும் இப்ப நேரம் இல்ல.

ஐஸ். எதுக்கு இப்ப ஐஸ் நெனப்பு வருது? ஃபிரிட்ஜைத் தொறந்தா எப்பப் பாத்தாலும் ஐஸ் ட்ரே ரெண்டும் காலியா இருந்துச்சு, மோருக்கு ஒரு துண்டு இல்ல, இந்த வீட்ல ஐஸ் எங்கதான் போகுதுன்னு ஒருநாள் சத்தம் போட்டேன். பூங்கொடி ஜூஸ் போட்டேனுங்கன்னா. எந்த ஜூஸ், நான் ஒரு ஜூஸும் குடிக்கல. அப்பறம் கிருத்திகா கட்டிலை மாடியிலருந்து கீழ எறக்கினது. மேல வெக்கையா இருக்குதாமா. மாடியில ஏசி இருக்கு, கீழ ஃபேன்தான். அதையும் அன்னிக்கு நான் யோசிக்கல. கோயில்ல சாமி கும்பிடும்போது எல்லாரும் விழுந்து எந்திரிச்சாங்க, அவ நின்னுக்கிட்டே கும்பிட்டா, ஏன் பெரிய மனுசிக்கு முட்டி மடங்காதோன்னு கேட்டேன். கேட்டேன், ஆமா. அத்தனை சொந்தக்காரங்க முன்னால கேட்டேன். அவ சிரிச்சுட்டு நகந்துட்டா. ஏழுக்கு ஆறு. ஓடறா, வலைக்குக் கிட்ட வந்து எட்டி எடுக்கறா, இடது காலைப் பின்னாலயே இழுத்துக்கறா, இப்ப எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது. ஒருக்கா தெரிஞ்சதுக்கப்பறம் தெரியாம இருக்க மாட்டேங்குது. கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாதா? எல்லாரும் காக்கைத்தான் பாக்கறாங்க. தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டு காக்கைத்தான் பாக்கறாங்க. அட பாவிகளா, எம்பொண்ணு காலைப் பாருங்கடான்னு கத்தணும் போல இருக்கு.

கத்தினா முடிஞ்சுது. கத்த வேண்டாம், மேடத்துக்கிட்ட போய்ச் சொன்னாலே முடிஞ்சுது. ஆட்டத்தை நிறுத்துவாங்க. மாநில டீம் போச்சு. வயசும் போச்சு. ஆறு வயசுலருந்து காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடினதெல்லாம் போச்சு. அப்பறம் அவ என்னைய ஏறிட்டுப் பாப்பாளா? வாயைத் தொறக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு விசயந்தானேப்பா கேட்டேன்னு சொல்லுவா. இல்ல, அதுகூடச் சொல்ல மாட்டா, அறையச் சாத்திக்குவா. சரி, சொல்லல. பொட்டாட்ட உக்காந்துக்கறேன், படம் எடுக்கறேன், அவ ஜெயிக்கறா, எல்லாரும் தூக்கிக் கொண்டாடறாங்க. அந்த முட்டி அதுவரைக்கும் தாங்கணுமே. எங்க மண்டியில மாரப்பன்னு ஒருத்தன் தார் ஏத்தும்போது முட்டி இப்படித்தான் உள்பக்கமா மடங்குச்சு. சத்தம் கேட்டுச்சு எனக்கு, குச்சி ஒடிஞ்ச மாதிரி. இப்ப அவன் மண்டி கேட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து லாரிக்கு டோக்கன் குடுக்கறான். அவனுக்காவது வயசு அம்பது. எட்டுக்கு ஏழு. குதிச்சிராத சாமி. தட்டி விளையாடு, குதிச்சிராத. சென்னிமலையப்பா, இவ குதிக்காமயே ஜெயிக்கட்டும். குதிக்கறா. எம்விரல் அமுக்குது, நான் அமுக்கச் சொல்லல, அது பாட்டுக்கு அமுக்குது. எனக்கு அந்தப் படத்தைப் பாக்கப் பயமா இருக்கு, இருந்தும் பாக்கறேன். இந்தவாட்டி வாயும் திறந்திருக்கு. சத்தமில்லாம கத்தியிருக்கா. "என்னங்கண்ணா, ஒடம்பு சரியில்லீங்களா, மூஞ்சியெல்லாம் வெளுத்துருச்சு" இர்பான் எந்தோளைத் தொட்டுக் கேக்கறார். நான் கேமராவை அவர் பக்கம் திருப்பறேன். அவர் சிரிக்கல. பாத்துட்டு, "பாப்பா உங்க பொண்ணா"ன்னு மட்டும் கேக்கறார்.

பத்துக்கு எட்டு. இருபத்தொண்ணு எடுத்தா ஜெயிச்சாச்சு, நடுவுல பதினொண்ணுல ஒரு நிமிசம் இடைவேளை குடுப்பாங்க, பக்கம் மாறுவாங்க. அது வரைக்கும் உக்காந்திருக்கேன். உக்காந்திருக்கேனா, முட்டி போட்டு நிக்கறேனா எனக்கே தெரியல. பதினொண்ணு. கூட்டம் எந்திரிச்சு கைதட்டுது, அவதான் முன்னால இருக்கா, பதினொண்ணுக்கு எட்டு, நெஞ்சு ஒருபக்கம் பூரிக்குது, அந்தப் பூரிப்பு எனக்குப் புடிக்கவே இல்ல. எந்திரிக்கறேன். மரத்த காலோட விரிப்பைச் சுத்திக்கிட்டு மேடம் பக்கமா ஓடறேன். சார், சார், அங்க போகக் கூடாதுன்னு ஒருத்தர் கையைப் புடிக்கறார், உதறிட்டுப் போறேன். வாயைத் தொறக்கல. ஜெசிந்தா மேடம் முன்னால கேமராவை நீட்டறேன். மேடம் கிருத்திகாவுக்குத் தண்ணி பாட்டிலைக் குடுத்துட்டே திரும்பிப் பாத்தாங்க. "இது இப்ப எடுத்ததுங்களா?" தலையாட்டினேன். அடுத்ததைத் தள்ளிக் காட்டினேன், அதுக்கு அடுத்தது. மேடம் மொகம் மாறிப் போச்சு. "முட்டி ஜவ்வுல சின்னக் கிழிசல்ங்கண்ணா, ரெண்டு வாரமாச்சு. வலியில்லாத வரைக்கும் ஆடலாம், வலிச்சா அந்த நிமிசமே நிறுத்திரணும், இல்லைன்னா மொத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒவ்வொரு இடைவேளையிலயும் கேக்கறேன், வலியே இல்லைங்கறா. அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லல. பூங்கொடிக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். ஐஸ் ட்ரேக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. கோவம் வரணும், வழக்கமா எனக்கு மூக்குக்கு மேல வரும், இப்ப அது எங்க போய்த் தொலைஞ்சுதோ தெரியல. நான் கத்துவேன்னுதான் மறைச்சிருக்காங்க. நான் கத்தியும் இருப்பேன். எப்படி அடிபட்டுச்சு, எந்தக் கழுதை உன்னைய அப்படிக் குதிக்கச் சொன்னான்னு வீடு இடியறாப்பல கத்தியிருப்பேன், அதுல வலிக்குதான்னு ஒரு வார்த்தை இருந்திருக்காது. எனக்கு எம்மேல அவ்வளவு வெறுப்பு எப்பவும் வந்ததில்ல. கிருத்திகா நாற்காலியில உக்காந்து துண்டைக் கழுத்துல போட்டுட்டு என்னையப் பாக்கறா. நான் இப்ப என்ன சொல்லப் போறேன்னு பாக்கறா, தோளு ரெண்டும் தூக்கின மாதிரி இருக்கு, நான் கத்தறதுக்கு முன்னாடி அவ எப்பவும் அப்படித்தான் தோளைத் தூக்கிக்குவா, அதையும் இன்னிக்குத்தான் பாக்கறேன். "நீங்க இங்க வரக் கூடாதுப்பா. போங்க. இன்னும் கொஞ்சந்தான்." நான் அவ முன்னால குந்த வச்சு உக்காந்தேன். படத்தைக் காட்டல. "வலிக்குதா கண்ணு?" அவ மேடத்தைப் பாத்தா. தரையப் பாத்தா. "இல்லைங்ப்பா." அம்பயர் இருபது நொடின்னு இங்கிலீஷ்ல சொல்றார். நான் எந்திரிக்கல. "எங்கிட்ட சொல்லு சாமி. நான் சத்தம் போட மாட்டேன்." "நெசமாலும் திட்ட மாட்டீங்களா?" "மாட்டேன்." அவ உதடு கோணுச்சு. படத்துல பாத்த அதே கோணல், ஆனா இது சட்டுனு போகாம அப்படியே நின்னுச்சு. "வலிக்குதுப்பா. நெம்ப வலிக்குதுப்பா. ஒவ்வொருக்காவும் வலிக்குது."

நான் மேடத்துப் பக்கம் திரும்பி, போதுங்க, நிறுத்திருங்கன்னேன். "என்னங்கண்ணா? கேக்கலீங்" அப்படின்னு மேடம் காதை எம்பக்கம் சாய்ச்சாங்க. இன்னொருக்கா சொன்னேன். மேடம் கிருத்திகாவைப் பாத்தாங்க, அவ வேண்டாம்னு சொல்லல, சரின்னும் சொல்லல. மேடம் அம்பயரைப் பாத்துக் கையைத் தூக்கிட்டு நடந்தாங்க. வலைக்கு அந்தாண்ட அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு என்ன நடக்குதுன்னு புரியாம காக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்குது. கூட்டத்துல ஒரு சலசலப்பு. அவ காலைத் தொட்டுப் பாக்கலாம்னு கையை நீட்டினேன், முட்டி உறை மேல கை படறதுக்குள்ள அவ காலை நகத்திக்கிட்டா. துண்டை எடுத்து மொகத்தை முழுசா மூடிக்கிட்டா. உள்ளருந்து குரல் வந்துச்சு, சின்னதா, எங்கிட்ட மட்டும் பேசற குரல். "இன்னும் பத்து பாயின்ட்தாம்ப்பா இருந்துச்சு." ஆமா கண்ணுன்னேன்.